தாய்ப்பால் கொடுக்கும்போது மாதவிடாய் திரும்புவது: நாள் கணக்கு, பால் அளவு, கருத்தடை

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தீட்டு வந்துவிட்டால் பால் கெட்டுவிடுமா? இன்னும் வரவில்லை என்றால் கரு நிற்காது என்று நம்பி இருக்கலாமா? பத்து மாதம் ஆகியும் வராவிட்டால் அது நோயா?

வீட்டுக்கு வீடு ஒரு பதில் சொல்கிறார்கள். அதனால் சிலர் அவசரப்பட்டுப் பாலை மறக்கடிக்கிறார்கள், சிலர் அடுத்த கர்ப்பம் தரித்தது தெரியாமலே நாலு மாதம் ஓட்டிவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அளவு, நாள் கணக்கு, மருந்துப் பெயர் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். சொந்த அனுபவங்களுக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

---

மகப்பேறு மேசை

உடம்புக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிட்டால் மற்றது சுலபம்.

குழந்தை காம்பைச் சப்பும் ஒவ்வொரு முறையும் மார்பின் நரம்புகள் வழியாக மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி போகிறது. அங்கே விட்டு விட்டுச் சுரக்க வேண்டிய ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனின் தாளம் குலைகிறது. அது குலைந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து, முட்டையை வெடிக்க வைக்கும் எல்.எச். ஹார்மோன் போதுமான அளவு வராது. எல்.எச். ஏறாமல் முட்டை வெடிக்காது. முட்டை வெடிக்காவிட்டால் பெரும்பாலும் மாதவிடாயும் இல்லை. 'புரோலாக்டின் அதிகம், அதனால் தீட்டு வரவில்லை' என்று பொதுவாகச் சொல்வார்கள். புரோலாக்டினின் முதல் வேலை பால் சுரக்க வைப்பது. முட்டையை நிறுத்தி வைப்பதில் பெரும்பங்கு அந்தச் சப்புதலுக்கு. ஆகவே எத்தனை மில்லி பால் என்று பார்த்துப் பயனில்லை. 24 மணி நேரத்தில் எத்தனை முறை, நடுவில் எவ்வளவு இடைவெளி என்றே பார்க்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடம் பாலூட்டினார்கள். கருத்தடை எதுவும் இல்லாமலே இரண்டு பிரசவங்களுக்கு நடுவே சராசரியாக 44 மாதம் என்று 1980-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

தாய்ப்பாலே கொடுக்காதவருக்கு 6 முதல் 8 வாரத்தில் மாதவிடாய் வந்துவிடும். முட்டை அதற்கும் முன்னால், நான்காவது வாரத்தை ஒட்டியே வெடிக்கலாம். முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பவரில் மூன்றாம் மாதமே வருபவரும் உண்டு, ஒன்றரை வருடம் வராதவரும் உண்டு. இரண்டும் இயல்பு. ஒரே பெண்ணுக்கு முதல் குழந்தையின்போதும் இரண்டாவதன்போதும் நாள் வேறுபடும்.

---

கீரைத்தோட்டம்

தீட்டு நாளில் வரும் பால் குழந்தைக்குச் சீதபேதி கொடுக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதற்கு ஏதாவது அடிப்படை உண்டா? அந்த மூன்று நாள் சில குழந்தைகள் நிஜமாகவே பால் குடிக்க மறுக்கின்றன.

---

தாய்ப்பால் துணை

பால் கெடாது. கர்ப்பப்பையின் உள்தோல் உரிந்து வெளியேறுவதுதான் மாதவிடாய். அந்த ரத்தத்துக்கும் மார்பில் சுரக்கும் பாலுக்கும் தொடர்பு கிடையாது. வயிற்றுப்போக்கு வந்தால் பாட்டில், தண்ணீர், இணை உணவு, உரை மருந்து இழைத்த கல் இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குழந்தை மறுப்பதாகச் சொல்வது கற்பனை இல்லை. முட்டை வெடிக்கும் நாட்களை ஒட்டிப் பாலில் சோடியமும் குளோரைடும் கொஞ்சம் ஏறும், இனிப்பைத் தரும் லாக்டோஸ் கொஞ்சம் இறங்கும். பால் லேசாகக் கரிக்கும். தீங்கு இல்லை, ருசிதான் மாறுகிறது. அதே சமயத்தில் காம்பும் கூசும், வலிக்கும். குழந்தை பிடிக்கும்போது தாய் தன்னையறியாமல் உடம்பை இறுக்கிக்கொள்வார், குழந்தைக்கும் பிடி சரியாக அமையாது.

அளவும் சிலருக்குக் குறையும். தீட்டு வருவதற்குச் சில நாள் முன்பிருந்து, வந்த இரண்டாம் மூன்றாம் நாள் வரைக்கும். இது சாயங்காலப் பாலில்தான் முதலில் தெரியும். குழந்தை பிடிக்கும், நாலு வாய் வேகமாகச் சப்பும், பால் இறங்கத் தாமதமாகும், உடனே காம்பை விட்டுத் தலையைத் திருப்பி அழும், மறுபடி பிடிக்கும். இந்த இடத்தில்தான் 'பால் வத்திப்போச்சு' என்று பவுடர் டப்பா வீட்டுக்குள் வருகிறது. டப்பா வந்தால் சப்பும் நேரம் குறையும். நாலு நாளில் தானே சரியாகியிருக்க வேண்டிய குறை அதனால் நிரந்தரமாகிவிடும்.

செய்ய வேண்டியது: அந்த நாலைந்து நாளும் கூடுதலாக இரண்டு தடவை பால் கொடுங்கள். பால் இறங்கத் தாமதமானால், குழந்தை சப்பிக்கொண்டிருக்கும்போதே காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்கு வெகு பின்னால், விலா எலும்பை ஒட்டி, கட்டைவிரல் ஒரு பக்கமும் நான்கு விரல் மறுபக்கமுமாக மார்பைப் பிடித்து அமுக்கி, விழுங்கும் சத்தம் நின்றதும் தளர்த்துங்கள். விழுங்குவது குறைந்ததும் பக்கம் மாற்றுங்கள். திரும்பவும் முதல் பக்கத்துக்கே வரலாம். அரைத்தூக்கத்தில் குழந்தை மறுக்காமல் குடிக்கும். போதுமா என்று மார்பின் கனத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது வெளிர்நிறச் சிறுநீர் போனால், எடை ஏறினால், போதும்.

கால்சியமும் மெக்னீசியமும் சேர்த்துச் சாப்பிட்டால் இந்தக் குறைவு வராது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு அரசு சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை (500 மி.கி., தினம் இரண்டு) எப்படியும் சாப்பிட்டாக வேண்டும்.

---

பேறுகாலச் செவிலி

நாள் கணக்கை நான் சொல்றேன். எது தீட்டு, எது பிரசவ உதிரம்னு பிரிக்கிறதுலதான் பாதிக் குழப்பம்.

பிரசவமானதும் முதல் மூணு நாலு நாள் நல்ல சிவப்பு. அப்புறம் பத்து நாள் வரைக்கும் பழுப்பும் இளஞ்சிவப்புமா இருக்கும். அதுக்குப் பின்னாடி வெளுத்து, மஞ்சளா, நாலுல இருந்து ஆறு வாரத்துல நின்னுடும். ஆரம்ப நாட்கள்ல குழந்தை பால் குடிக்கும்போது வயிறு சுருட்டிப் பிடிச்சு ரத்தம் கூடுதலாப் போனா பயப்பட வேண்டாம், கர்ப்பப்பை சுருங்குதுன்னு அர்த்தம். நின்ன உதிரம் ஆறாவது வாரத்தை ஒட்டித் திரும்ப ரெண்டு நாள் தெரியலாம்.

கணக்கு இதுதான். முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கிறவங்களுக்கு முதல் 56 நாளுக்குள்ள படுற ரத்தத்தைத் தீட்டுன்னு எடுத்துக்க மாட்டோம். 56 நாளுக்குப் பிறகு தொடர்ந்து ரெண்டு நாள் பட்டா அது தீட்டு. ஒரு சொட்டு பட்டு நின்னா தேதியைக் குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்தது, தாய்ப்பாலை நம்பிக் கருத்தடை இல்லாம இருக்கிறது. 1988-ல இத்தாலியில பெல்லாஜியோங்கிற ஊர்ல நிபுணர்கள் கூடி இதுக்கு விதி வகுத்தாங்க. மூணும் ஒண்ணா இருக்கணும்:

ஒண்ணு, தீட்டு இன்னும் திரும்பலை. ரெண்டு, குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், பகல்ல 4 மணி நேரம், ராத்திரி 6 மணி நேரத்துக்கு மேல இடைவெளி இல்லை. மூணு, குழந்தைக்கு ஆறு மாசம் முடியலை.

மூணும் இருந்தா 98 சதவீதத்துக்கு மேல பாதுகாப்பு. இதுல ஒண்ணு போனாலும் அன்னையிலிருந்தே வேற முறை வேணும். சூப்பானைப் பழக்கிட்டாலோ, சர்க்கரைத் தண்ணி, கிரைப் வாட்டர்னு அடிக்கடி கொடுத்தாலோ, குழந்தை ராத்திரி எட்டு மணி நேரம் தூங்க ஆரம்பிச்சாலோ ரெண்டாவது நிபந்தனை போச்சு. குழந்தை நல்லாத் தூங்குதேன்னு சந்தோஷப்படுற அந்த வாரத்தைத்தான் கவனிக்கணும்.

---

வைகைக்கரை

சிஸ்டர், ஆறு மாதம் என்பதை ஏன் அவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள்? ஏழாம் மாதமும் தீட்டு வரவில்லை, பால் நன்றாகக் குடிக்கிறது என்றால்?

---

மகப்பேறு மேசை

இதற்கு நான் சொல்கிறேன். இந்த இழையில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டுமானால் இதை வையுங்கள்.

ஆறு மாதத்துக்குள் வரும் முதல் மாதவிடாய் பெரும்பாலும் முட்டை வெடிக்காமலே வருவது, அல்லது வெடித்தாலும் கரு ஒட்டுவதற்கான பின்பாதி நாட்கள் குறுகியிருக்கும். அதாவது உடம்பு முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை தருகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த எச்சரிக்கை குறைந்துகொண்டே போகிறது. மாதவிடாய் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. முட்டை வெடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் வரும். அந்த முதல் முட்டையே கருவானால் ரத்தமே வராது. 'தீட்டு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

நம் ஊரில் இன்னொன்றும் கூடவே வருகிறது. 2017 திருத்தத்துக்குப் பின் சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். அது சரியாக ஆறு மாதம். இணை உணவு தொடங்குவதும் ஆறாம் மாத முடிவில். விடுப்பு முடிகிறது, கூழும் பருப்புச் சாதமும் ஆரம்பிக்கிறது, பகல் பால் நின்று பம்ப் வருகிறது. சப்புதல் ஒரே வாரத்தில் பாதியாகிறது. கருத்தடைக்கான ஏற்பாட்டை ஐந்தாம் மாதமே முடித்துவிடுங்கள்.

---

தாய்ப்பால் துணை

பம்ப் பற்றி ஒரு வார்த்தை. பால் சுரப்பைக் காப்பாற்றப் பம்ப் போதும். முட்டையை நிறுத்தி வைக்க அதை அதே அளவுக்கு நம்ப முடியாது. சிலி நாட்டில் வேலைக்குப் போய்க்கொண்டே பாலைப் பீய்ச்சி வைத்துக் கொடுத்த பெண்களிடம் ஆறு மாதத்தில் 100-க்கு 5 பேர் கருத்தரித்தார்கள். கூடவே இருந்து ஊட்டும்போது 2-க்கும் குறைவாக இருக்கும் எண்ணிக்கை அது.

---

மாத்திரைப்பெட்டி

மருந்தாளுநர் பக்கத்திலிருந்து. தாய்ப்பால் கொடுப்பவருக்கு எந்தக் கருத்தடை ஆகும், எது ஆகாது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சாயா மாத்திரை: லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, 30 மி.கி., ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் இல்லாதது, பாலைப் பாதிக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. தீட்டின் முதல் நாள் ஞாயிறு என்றால் ஞாயிறும் புதனும். மூன்று மாதம் முடிந்ததும் ஞாயிறு மட்டும். அடுத்தடுத்த தீட்டு எந்தக் கிழமை வந்தாலும் மாத்திரைக் கிழமை மாறக்கூடாது. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. தீட்டு திரும்பாதவர்கள் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எந்த நாளிலும் தொடங்கலாம். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் ஒன்று போட்டுக்கொண்டு, அடுத்த தீட்டு வரை ஆணுறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து வாரம் இரண்டு. தீட்டு தள்ளிப்போகும், குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். 15 நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ச் சோதனை. சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும் கொடுப்பதில்லை.

அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிரசவமாகி 6 வாரத்துக்குப் பிறகு. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. செய்தால் மருந்து சீக்கிரம் கரைந்து மூன்று மாதம் தாங்காது. ரத்தம் விட்டு விட்டுப் படும், பிறகு நின்றே போகலாம். நிறுத்திய பிறகு கரு நிற்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். அடுத்த குழந்தையை ஒரு வருடத்தில் நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

காப்பர் டி: பிரசவமான 48 மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் 6 வாரத்துக்குப் பிறகு. 380ஏ என்றால் 10 வருடம், 375 என்றால் 5 வருடம்.

மாலா-என் போல ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள்: ஆறு மாதம் வரை வேண்டாம். பால் குறையும், முதல் ஆறு வாரத்தில் ரத்தக்கட்டு ஆபத்தும் உண்டு.

அவசர மாத்திரை (லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி.): 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

---

கீரைத்தோட்டம்

கோயில் திருவிழா, புதுமனை புகுவிழா என்றால் தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்களே, பால் கொடுப்பவர்கள் போடலாமா?

---

மாத்திரைப்பெட்டி

நீங்கள் சொல்வது நார்எத்திஸ்டிரோன் 5 மி.கி. வழக்கமாக, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்னால் தொடங்கித் தினம் மூன்று வேளை போட வேண்டும். பால் கொடுப்பவருக்கு அந்த 'எதிர்பார்க்கும் தேதி' என்பதே நிலையாக இல்லை. 25 நாளில் வரும், அடுத்தது 50 நாளில் வரும். தேதி தவறினால் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் பட்டுவிடும். இது கருத்தடையும் ஆகாது. தவிர, இந்த அளவில் அதன் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. பிரசவம் ஆன புதிதில் அது ரத்தக்கட்டுக்கு வழி. டாக்டரிடம் கேட்காமல் கடையில் வாங்கவே வேண்டாம்.

வயிற்று வலிக்கு: பாராசிட்டமால் 500 மி.கி. அல்லது சாப்பிட்ட பின் இபுபுரோஃபென் 400 மி.கி. இரண்டும் பாலில் மிகச் சொற்பமாகவே கலக்கும். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் இபுபுரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரினைத் தவிர்க்கவும்.

---

பேறுகாலச் செவிலி

கடைசித் தீட்டுத் தேதியே இல்லாம கர்ப்பமானவங்க பத்தி யாரும் எழுதலை. இது முக்கியம்.

திடீர்னு பால் குறையுது, காம்பு தொட முடியாம வலிக்குது, காலையில குமட்டுது. தீட்டு வராத நேரத்துல இது மூணும் சேர்ந்தா உடனே சோதனை அட்டை வாங்கிப் பாருங்க, காலை முதல் சிறுநீர்ல. ஒரு கோடு வந்தா கர்ப்பம் இல்லைன்னு அதோட விடாதீங்க. கடைசியா உறவு வச்ச நாளிலிருந்து மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க, அப்பதான் உறுதி.

ரெண்டு கோடு வந்தா தேதி கணக்குப் போட வழி இல்லை, அதனால ஸ்கேன் கட்டாயம். 14 வாரத்துக்குள்ள எடுத்தா குழந்தையோட நீளத்தை வச்சு நாளைச் சரியாச் சொல்லிடுவாங்க. வேண்டாம்னு நினைக்கிறவங்க கடையில கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுறதுதான் ரொம்ப ஆபத்து. அந்த மாத்திரை 9 வாரம் வரைக்கும்தான். தீட்டே வராதவங்க ஆறு வாரம்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, ஸ்கேன்ல பதினாலு இருக்கும். பாதி கலைஞ்சு ரத்தம் நிக்காம வந்து சேருவாங்க. அரசு மருத்துவமனையில சட்டப்படி, பாதுகாப்பா, இலவசமாச் செய்றாங்க. வெட்கப்படாம வாங்க. 104 சுகாதார உதவி எண்ணுக்கு போன் பண்ணினாலும் வழி சொல்வாங்க.

---

வைகைக்கரை

முதல் தீட்டு ரொம்ப அதிகமாக வருகிறது என்கிறார்களே, எது வரைக்கும் சாதாரணம்?

---

மகப்பேறு மேசை

முதல் ஒன்றிரண்டு மாதவிடாய் கூடுதலாகவும் கட்டியாகவும் வரலாம், இடைவெளியும் ஒழுங்காக இராது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் அன்றே மருத்துவமனை. எலுமிச்சை அளவுக் கட்டி, காய்ச்சல், நாற்றம், தலைச்சுற்றல் இருந்தாலும் அப்படியே. பிரசவமாகி மூன்று மாதத்துக்குள் இப்படி வந்தால் நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா, தொற்றா என்று பார்ப்போம். எட்டு நாளுக்கு மேல் நீண்டால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

இரும்புச் சத்து மாத்திரை (இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்) பிரசவத்துக்குப் பின் 180 நாள், தினம் ஒன்று. பலர் இதைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் காப்பியோடு. கால்சியமும் காப்பி, டீயும் இரும்பை உடம்பில் ஏற விடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பை எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ இரவில் வைத்துக்கொண்டால் வயிற்றுப் புரட்டலும் குறையும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னொன்று. தீட்டு நின்ற பிறகும் நாலைந்து நாள் பழுப்பாகக் கசிந்துகொண்டே இருந்தால், தையல் போட்ட இடத்தில் சிறு பள்ளம் உண்டாகி அதில் ரத்தம் தேங்கி வடிகிறதா என்று உள்வழி ஸ்கேனில் பார்க்கலாம். இதைச் சொல்லாமல் பல வருடம் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

---

தாய்ப்பால் துணை

டாக்டர், மூன்றாவது கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். வராமலே இருந்தால் எப்போது பார்க்க வேண்டும்?

---

மகப்பேறு மேசை

பால் நன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், கர்ப்பம் இல்லை என்று தெரிந்தால், ஒன்றரை வருடம் வரை வராததற்காக மருந்து வேண்டாம். மாதவிடாயை வரவழைக்க ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். பாலை முழுக்க மறக்கடித்து மூன்று மாதம் ஆகியும் வராவிட்டால் டி.எஸ்.எச். (தைராய்டுச் சோதனை), புரோலாக்டின், ஸ்கேன் பார்ப்போம். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வருவது சகஜம்.

ஒரு நிலைமை மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. பிரசவத்தின்போது அளவுக்கு மீறி ரத்தம் போய், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி, அதன்பின் பாலே சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல், அக்குள் முடி உதிர்ந்து, எப்போதும் சோர்வாக, குளிர் தாங்காமல் ஒரு பெண் இருந்தால், அது ஷீஹன் நோயாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் பெருத்திருக்கும் பிட்யூட்டரிக்கு அந்த நேரத்தில் ரத்தம் கிடைக்காமல் அது செத்துப்போவது. 'குழந்தை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், பல வருடம் கழித்து ஒரு சாதாரணக் காய்ச்சலில் மயங்கி விழும்போதுதான் தெரியும். பார்க்க வேண்டியது: காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), கூடவே தைராய்டுச் சோதனை (டி.எஸ்.எச். மட்டும் போதாது, டி4 வேண்டும்). மாத்திரைகளால் நன்றாக வாழலாம். ஆனால் தைராய்டு மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் கார்டிசால் குறைவைச் சரிசெய்தாக வேண்டும். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து.

---

கீரைத்தோட்டம்

கடைசியாக ஒன்று. காப்பர் டி போட்டவர்கள் மாதவிடாய்க் கப் வைக்கலாமா?

---

பேறுகாலச் செவிலி

வைக்கலாம். பிரசவ உதிரம் முழுசா நின்னு, ஆறாவது வாரப் பரிசோதனை முடிஞ்ச பிறகு. காப்பர் டி போடும்போதே அதோட நூலைக் குட்டையா வெட்டச் சொல்லிக் கேளுங்க. கப்பை எடுக்கும்போது அதோட காம்பைப் பிடிச்சு இழுக்காதீங்க. கப்போட அடிப்பகுதியை ரெண்டு விரலால அமுக்குங்க, காத்து உள்ளே போய் உறிஞ்சுபிடி விடும், அப்புறம் மெதுவாச் சாய்ச்சு எடுங்க. அமுக்காம இழுத்தா காப்பர் டி-யும் கூடவே இறங்கிடலாம். ஒவ்வொரு தீட்டு முடிஞ்சதும் கையைக் கழுவிட்டு உள்ளே நூல் தட்டுப்படுதான்னு பாருங்க. நூல் முன்னைவிட நீளமா இருந்தாலோ, கெட்டியா பிளாஸ்டிக் முனை தட்டினாலோ, நூலே தட்டலைன்னாலோ, ஸ்கேன்ல பார்க்கிற வரைக்கும் ஆணுறை வச்சுக்கோங்க.